ஒன்பது முயல்களும் ஒரு கினிப்பன்றி ஆசையும்

கேள்வி: போன வருடம் மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு முயல்குட்டிகள் வாங்கினோம். இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். இப்போது வீட்டில் ஒன்பது முயல்கள். அவற்றில் ஐந்து மாதக் குட்டிகள் நான்கு, பிறந்து மூன்று வாரமே ஆனவை மூன்று. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நாற்றம் என்று அக்கம்பக்கத்தில் புகார். எல்லாவற்றையும் விலங்குக் காப்பகத்தில் விட்டுவிடலாமா? மகன் ஏமாந்துபோகாமல் இருக்க அங்கிருந்தே ஒரே ஒரு கினிப்பன்றியைத் தத்தெடுக்கலாம் என்று என் கணவர் சொல்கிறார். சரியாக வருமா?

பதில்:

காப்பகத்துக்கு அப்புறம் போவோம். முதல் வேலை ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. இதைப் பாதியில் நிறுத்தி, எழுந்துபோய்ப் பிரித்துவிட்டு வந்து மீதியைப் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அவசரம் ஏன் என்றால், முயலின் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடியும் சினைபிடிக்கும். ஆடு மாடு போல அதற்குப் பருவம் வரும் நாள் என்று ஒன்று கிடையாது. இணை சேர்ந்த பிறகுதான் முட்டையே வெளிவரும், ஆகவே சேர்ந்தால் அநேகமாகச் சினைதான். உங்கள் வீட்டில் கடைசி ஈற்று நடந்து மூன்று வாரம் ஆகிறது. அப்பா முயலும் அதே கூண்டில் இருந்திருந்தால் இன்னும் பத்து நாளில் அடுத்த ஈற்று வரலாம். ஐந்து மாதக் குட்டிகளும் இப்போது குட்டிகள் இல்லை. நான்கு மாதத்திலேயே பருவம் எய்தும் வகைகள் உண்டு. தகப்பன், மகள், அண்ணன், தங்கை என்ற உறவுமுறை எதையும் முயல் பார்ப்பதில்லை. நீங்கள் ஒன்பது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பதினான்கு, பதினைந்து என்று எண்ணிக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

எது ஆண், எது பெண் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்து மாதத்தில் எளிது. ஒருவர் முயலை மடியில் மல்லாத்திப் பிடித்து முதுகுக்கு முழுத் தாங்கல் கொடுக்க வேண்டும், இன்னொருவர் பார்க்க வேண்டும். ஆணுக்குப் பின்னங்கால்களுக்கு இடையில் இரு பக்கமும் முடியில்லாத நீண்ட பைகள் தெரியும். பயந்தால் விரைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் பழக்கம் முயலுக்கு உண்டு. ஆகவே ஒரு தடவை பார்த்துவிட்டுப் பெண் என்று தீர்மானிக்காதீர்கள், சாந்தமான பிறகு மறுபடி பாருங்கள். ஏழெட்டு வாரக் குட்டியில் அனுபவசாலிகளே தவறு செய்வார்கள். உங்கள் கடைக்காரர் பொய் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்காது, தெரியவில்லை என்று சொல்ல மனம் வந்திருக்காது. அவ்வளவுதான்.

பிரித்த பிறகு தாயும் மூன்று பச்சைக் குட்டிகளும் ஓர் இடம். பெண் குட்டிகள் ஓர் இடம். ஆண்கள் ஒவ்வொன்றும் தனித்தனி. தகப்பனையும் மகன்களையும் ஒன்றாகப் போட்டால் செலவு குறையும் என்று தோன்றும். பருவம் வந்த ஆண் முயல்கள் ஒன்றின் விரையை ஒன்று கடித்துக் கிழித்ததை நான் தையல் போடக் கொண்டுபோயிருக்கிறேன். கூண்டு வாங்க ஓட வேண்டாம். பெரிய அட்டைப்பெட்டி, பயன்படுத்தாத குளியலறை, நாற்காலிகளைக் கவிழ்த்து அடைத்த கூடத்து மூலை எல்லாம் ஒரு மாதத்துக்குப் போதும். கம்பித் தரையுள்ள பறவைக் கூண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். முயலின் பாதத்தில் நாய்க்கு இருப்பது போன்ற மெத்தை கிடையாது, முடி மட்டும்தான். கம்பியில் நின்று நின்று குதிகாலில் புண் வைத்துவிடும். பழைய கோணி அல்லது பாய் விரித்தால் அதுவே போதும்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. காப்பகத்தில் விட்டுவிடலாமா?

கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அந்த இடங்கள் எதற்காக உருவாயின என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். சென்னையின் காப்பகங்கள் தெருநாய்க்காகவும், அடிபட்ட மாடு, பூனை, குதிரைக்காகவும் வளர்ந்தவை. வேளச்சேரி புளூ கிராஸ் 1960களிலேயே தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து விடுவிக்கும் முறையைத் தொடங்கியது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996இல். அடையாற்றில் பிரம்மஞான சபை வளாகத்தில் இருக்கும் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகமும் பெரும்பாலும் நாய், பூனைகளையே பார்த்துவந்த இடம்தான். இத்தகைய இடங்களில் முயலைச் சேர்த்துக்கொள்ள நல்ல மனம் இருக்கும். ஆனால் இடம் இருக்காது, ஆள் இருக்காது. இரை விலங்கு ஒன்றை நூறு நாய்களின் குரைப்புக்கு நடுவில் வைப்பதையும் எண்ணிப் பாருங்கள். முயல் பயத்தில் முதலில் சாப்பாட்டைத்தான் நிறுத்தும். பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அதன் குடல் நின்றுபோகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது உயிர்போகும் அவசரம். நூறு நாய்களைக் கவனிக்கும் ஊழியர், மூலையில் ஒரு முயல் இன்று தின்றதா என்று எப்படிக் கவனிப்பார்? அவர்மேல் குற்றமே இல்லை.

ஆகவே காப்பகத்திடம் கேட்க வேண்டியது வேறு. "இவற்றை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டால் "இடமில்லை" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "குட்டிகளை நானே வீட்டில் வைத்துக்கொள்கிறேன். கருத்தடைக்கு மருத்துவர் யார் என்று சொல்லுங்கள், தத்து கேட்டு வருகிறவர்களிடம் என் குட்டிகளின் படத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். குரலே மாறிவிடும். காப்பகத்தின் பெரிய சொத்து அவர்களின் கூண்டு என்று நாம் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அவர்களிடம் இருக்கும் தொலைபேசி எண்களும் தன்னார்வலர்களும்தான் பெரிய சொத்து.

இரவில் வாசலில் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் யோசனை உங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன். கேள்வி கேட்டு எழுதுகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. இருந்தாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பசியிலும் தாகத்திலும் துன்புறும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஆம், நீங்கள் படித்தது சரிதான். அந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் தொடக்கம். அன்றைக்கு 50 ரூபாய் ஒரு தொகைதான். இன்றைக்கு அதில் ஒரு காபி வாங்கலாம்.

கிண்டிக் காட்டோரத்திலோ ஏதாவது கல்லூரி வளாகத்திலோ புல் நிறைய இருக்கிறதே, அங்கே விட்டால் சுதந்திரமாக இருக்குமே என்று கேட்பவர்கள் ஆண்டுக்கு நான்கு பேராவது உண்டு. நம் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், வெட்டவெளியில் பதுங்கி வாழும். நாம் வளர்ப்பது ஐரோப்பிய முயலின் வழிவந்தது. குழிக்குள் குருடாக, முடியின்றிப் பிறக்கும் சாதி. அதுவும் வெள்ளை நிறத்தில் ஒரு முயலைப் புல்வெளியில் விட்டால் பருந்துக்கும் கீரிக்கும் தெருநாய்க்கும் தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போலத்தான். ஒரு நாள் தாங்கினால் அதிகம்.

கருத்தடை விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் இந்தப் பதிலின் நடுமையம், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். கருத்தடை செய்யாமல் ஒன்பதையும் ஒன்பது வீடுகளுக்குக் கொடுத்தால், அடுத்த வருடம் ஒன்பது பேர் உங்களைப் போலவே கேள்வி கேட்பார்கள். ஆண் முயலுக்கு நான்கைந்து மாதத்தில் செய்துவிடலாம், சிறிய அறுவைதான். ஆனால் அறுவை முடிந்த அன்றே பெண்ணோடு சேர்த்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் விந்தணுவால் நான்கு முதல் ஆறு வாரம் வரை அதனால் சினையாக்க முடியும். இந்த ஒரு தகவல் தெரியாமல் எத்தனை வீடுகளில் "கருத்தடை செய்தும் குட்டி போட்டுவிட்டது, டாக்டர் ஏமாற்றிவிட்டார்" என்று சண்டை நடந்திருக்கிறது தெரியுமா? பெண்ணுக்கு ஆறு மாதத்தையொட்டிச் செய்யலாம். அது வயிற்றைத் திறக்கும் அறுவை, செலவும் ஆபத்தும் கூடுதல். ஆனால் கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்குமேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகச் சாதாரணம் என்பதால், உங்களோடு தங்கப்போகிற பெண்ணுக்குச் செய்துவிடுவதே நல்லது.

நாய்க்கு நல்ல மருத்துவராக இருப்பவர் முயலுக்கும் நல்லவராக இருப்பார் என்று நம்பிவிட வேண்டாம். நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அறுவைக்கு முந்தின இரவு பட்டினி போட வேண்டுமா? நாய்க்குப் பட்டினி போடுவார்கள், மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் போகாமல் இருக்க. முயலால் வாந்தியெடுக்கவே முடியாது. பட்டினி போட்டால் குடல் நிற்கும் ஆபத்துதான் மிஞ்சும். "இரவு எட்டு மணிக்குமேல் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டாவது, வாய்வழியாக என்ன ஆன்டிபயாடிக் கொடுப்பீர்கள்? அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் என்று பதில் வந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். பென்சிலின் வகை மருந்துகள் வாய்வழியாகப் போனால் முயல், கினிப்பன்றி இரண்டின் குடலிலும் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, சில நாளில் விலங்கும் செத்துவிடும். நாய்களுக்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டுமருந்தும் முயலுக்கு விஷம். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. ஆலோசனைக்கு அங்கே போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது வீடு தேடுவது. பச்சைக் குட்டிகள் மூன்றும் எட்டு வாரம் வரை தாயோடு இருக்கட்டும். கடைகளில் நான்கு வாரக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருந்தால்தான் விலைபோகும் என்பது கணக்கு. அப்படி வாங்கிய குட்டி பத்து நாளில் கழிச்சலில் செத்துப்போய், "முயல் எங்கள் வீட்டுக்கு ராசியில்லை" என்று சொல்லும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது ராசிக் குறை இல்லை, பால் குறை.

"இலவசம்" என்ற சொல்லை விளம்பரத்தில் எழுதாதீர்கள். இலவச முயலுக்கு முதலில் வரும் அழைப்பு குழந்தையுள்ள வீட்டிலிருந்து வருவதில்லை. கறிக்காகவோ, மலைப்பாம்பு போன்ற எதையாவது திருட்டுத்தனமாக வளர்ப்பவரிடமிருந்து தீனிக்காகவோ வரும். கறி தின்பவரைக் குறை சொல்லவில்லை. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் என்று முயல் இனங்களை விவசாயிகளுக்காக வளர்த்துக் கொடுக்கிறது. சென்னைக் கடைகளில் குட்டியாக விற்கப்படும் பலவும் அந்தப் பெரிய இனங்களின் கலப்புதான். "இது வளராது சார்" என்று வாங்கியது ஒரு வருடத்தில் மூன்று, நான்கு கிலோ ஆகி நிற்பது அதனால்தான். ஆனால் உங்கள் மகன் பெயர் வைத்துக் கூப்பிட்ட முயல் எங்கே போகிறது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கருத்தடைச் செலவில் ஒரு பகுதியைத் தத்துத் தொகையாகக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவர் நாளைக்கு மருத்துவச் செலவுக்கும் தயங்குவார்.

கேட்பவர்களிடம் நான் நீண்ட படிவம் எதுவும் கொடுப்பதில்லை. பேச்சோடு பேச்சாக, "மே மாதத்தில் எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்பேன். "தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்பேன். மே மாதக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது என் தவறிலிருந்து. பல வருடங்களுக்கு முன், மிகவும் மரியாதையாகப் பேசிய ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெண் முயல்களைக் கொடுத்தேன். பழம், காய்கறி, முடி வாரச் சீப்பு எல்லாம் வாங்கி வைத்திருப்பதாகப் படம் அனுப்பினார்கள். வீட்டைப் போய்ப் பார்க்கவில்லை. பெருங்களத்தூருக்குப் போக எனக்குச் சோம்பல். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, ஆசை ஆசையாக வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும், வெப்பம் 30 டிகிரியை நெருங்கினாலே அது திணறத் தொடங்கும். மே இரண்டாவது வாரத்தில் ஒரே மத்தியானத்தில் இரண்டும் போய்விட்டன. அந்தப் பெண்மணி அழுதுகொண்டே பேசினார். கொடுமை செய்தவர்கள் இல்லை அவர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாதவன் நான்தான். அதற்குப் பிறகு வீட்டைப் பார்க்காமல் எந்த உயிரையும் நான் கொடுத்ததில்லை. பகலில் தரைத்தளத்திலோ மின்விசிறிக்கு அடியிலோ ஓர் இடம், உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கும் பழக்கம், இந்த இரண்டும் உள்ள வீடு கிடைத்தால் சீப்பெல்லாம் வேண்டாம்.

முடிந்தவரை இரண்டிரண்டாகக் கொடுங்கள். கூடப் பிறந்த பெண்கள் இரண்டு, அல்லது கருத்தடை செய்த ஆணும் ஒரு பெண்ணும். தனி முயல் பிழைத்துக்கொள்ளும், ஆனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கொடுக்கும்போது ஒரு வாரத்துக்கான பழைய தீனியையும், அது படுத்திருந்த துணியையும் கூடவே அனுப்புங்கள். வாசனை தெரிந்த துணி இருந்தால் முதல் இரவே சாப்பிடும். "ஒரு மாதத்துக்குள் ஒத்துவரவில்லை என்றால் எனக்கே திருப்பித் தாருங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் நிற்குமா என்றெல்லாம் கேட்காதீர்கள். கையெழுத்துப் போட்டவருக்குக் கூச்சம் இருக்கும், அதுவே போதும்.

கினிப்பன்றிக்கு வருவோம்.

ஒரே ஒரு கினிப்பன்றி என்பதை மறந்துவிடுங்கள். ஆண்டிஸ் மலைப்பகுதியிலிருந்து வந்த கூட்டு விலங்கு அது. நாள் முழுக்கக் கீச்கீச்சென்று தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். தனியாக வைத்தால் பேசாது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பது சட்டப்படியே கூடாது. முயலோடு சேர்த்து வைத்தால் துணையாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். முயல் உதைத்தால் கினிப்பன்றியின் எலும்பு தாங்காது. முயலிடம் சும்மா இருக்கும் ஒரு வகை மூச்சுநோய்க் கிருமி கினிப்பன்றிக்குப் போனால் நிமோனியா. தீனியும் வேறு: மனிதனைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யை உடலில் தயாரிக்க முடியாது. தினமும் குடைமிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் கொய்யா என்று ஏதாவது வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போகும். "சோர்வாகவே இருக்கிறது" என்று கொண்டுவரப்படும் கினிப்பன்றிகளில் பாதிக்கு வைத்தியம் மருந்துக்கடையில் இல்லை, காய்கறிக் கடையில் இருக்கிறது.

அப்படியென்றால் இரண்டு எடுக்கலாமா? எடுக்கலாம், வேறு வீடாக இருந்தால். உங்கள் வீட்டுக்கு என் பதில்: புதிதாக எதுவும் வேண்டாம். ஒன்பதில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இரண்டு என்று கேட்டால், முதலில் வாங்கிய அந்த மூத்த ஜோடியையே சொல்வேன். குட்டிக்கு வீடு கிடைத்துவிடும். வளர்ந்த முயலைக் கேட்டு யாரும் வருவதில்லை. இரண்டும் ஏற்கெனவே ஒன்றோடொன்று பழகியவை. உங்கள் மகனுக்கும் தெரிந்தவை. ஆணுக்கு இப்போதே கருத்தடை செய்து ஆறு வாரம் பிரித்து வைத்து, தாய்க்கும் குட்டிகள் பால் மறந்த பிறகு செய்துவிட்டு, இரண்டுக்கும் அறிமுகமில்லாத ஓர் இடத்தில் மறுபடி சேர்த்து வையுங்கள். அக்கம்பக்கத்துப் புகாருக்கும் அதுதான் மருந்து. ஆண் முயல் எல்லை குறிக்கத் தெளிக்கும் சிறுநீர்தான் அந்த நாற்றத்தில் பெரும்பங்கு. கருத்தடைக்குப் பிறகு அது வெகுவாகக் குறையும். ஒரு மூலையில் தட்டு வைத்தால் அங்கேயே போகவும் பழகும். ஒன்பது முயல் நாற்றத்துக்குப் புகார் சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு முயலின் நாற்றம் கதவைத் தாண்டாது.

தீனிச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் விற்கும் கலர் கலரான தானியக் கலவையை நிறுத்துங்கள். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார்ச்சத்துள்ள புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். வெளிநாட்டு டிமோத்தி புல் இணையத்தில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் உறைக்கும். பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அறுகம்புல்லே நல்ல தீனி. நன்றாகக் கழுவி, கொஞ்சம் உலர்த்திக் கொடுங்கள். மருந்து அடிக்காத இடத்துப் புல்லா என்று பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வைக்கோல் படுக்கைக்குச் சரி, அதில் சத்து இல்லை. கேரட் முயலின் உணவு என்பது படம் பார்த்து வந்த நம்பிக்கை. நமக்கு ஜாங்கிரி எப்படியோ அப்படித்தான் அதற்கு அது.

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு, காப்பகத்திலிருந்து சிறு விலங்கை எடுக்க நினைக்கும் வேறு யாராவது இருந்தால், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தாராளமாக எடுங்கள், கடையைவிட அதுவே மேல். ஆண், பெண் எது என்று யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள், நோய் இருந்தால் மறைக்க மாட்டார்கள். போகும்போது விலங்கின் முகத்தைப் பார்த்து மயங்காமல் கூண்டின் தரையைப் பாருங்கள். உருண்டையான, ஒரே அளவான, காய்ந்த புழுக்கை நிறையக் கிடந்தால் ஆரோக்கியம். முன்னங்கால்களின் உட்புறம் முடி ஈரமாக ஒட்டியிருந்தால் அது மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்தது, சளி இருக்கிறது என்று அர்த்தம். காதுக்குள் பொருக்குப் பொருக்காக இருந்தால் சொறி. குணமாகக் கூடியதுதான், ஆனால் வீட்டில் வேறு முயல் இருந்தால் பரவும். வட்ட வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அது குழந்தைகளுக்கும் ஒட்டும். புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனி அறையில் வையுங்கள். முதல் மூன்று நாள் தூக்கவே தூக்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள், அதுவே வந்து முகர்ந்து பார்க்கும். காப்பகத்தார் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் கோபப்படாதீர்கள். பெருங்களத்தூர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹாம்ஸ்டர் கேட்கிறவர்களுக்கு விதி தலைகீழ். சிரிய ஹாம்ஸ்டர் தனியாகத்தான் இருக்க வேண்டும். ஜோடியாக வைத்தால் ஒன்று மற்றொன்றைக் கடித்துக் கொல்லும். இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை 1930இல் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலில் தோண்டி எடுத்த ஒரே ஈற்றுக் குட்டிகளின் வாரிசுகள். இரவெல்லாம் விழித்துச் சக்கரம் ஓட்டும், பகலில் தூங்கும். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு அது எப்போதும் தூங்கும் ஒரு பஞ்சு உருண்டைதான். நம் ஊர்ப் பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வேண்டும் என்று யாராவது கேட்டால், இரண்டும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைக்கவே கூடாதவை. எந்தக் கடையிலும் வாங்காதீர்கள், எந்தக் காப்பகமும் தத்துக்கொடுக்காது.

உங்கள் மகனின் வயதை நீங்கள் எழுதவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம் வரை வாழும். அவன் கல்லூரிக்குப் போகும்போதும் அது உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம், புல் போடப்போவது நீங்கள்தான். இதை உங்கள் கணவரிடம் இன்று இரவே பேசிவிடுங்கள். வீடு தேடும் வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே, மார்ச்சுக்குள் முடிக்கப் பாருங்கள்; ஏப்ரலில் பகல் பயணத்தில் முயலை அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. ஆட்டோவோ ரயிலோ, விடியற்காலையில் அனுப்புங்கள், பெட்டியில் இரண்டு கைப்பிடி புல்லோடு.

அதுவரை தாய் முயலைத் தினமும் ஒருமுறை கவனியுங்கள். வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு மூலைக்கு மூலை அலைந்தாலோ, தன் மார்பு முடியைத் தானே பிடுங்கிக் குவித்தாலோ, ஒன்றிரண்டு நாளில் ஈற்று. அகலமான பெட்டி ஒன்றில் நிறையப் புல் போட்டு உள்ளே வைத்துவிட்டு, இப்போதிருக்கும் மூன்று குட்டிகளைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றி, காலையும் மாலையும் பால் குடிக்க மட்டும் தாயிடம் விடுங்கள். பிறகு மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு கணக்குப் போட வேண்டும்.